கடலுக்கடியில் ஒரு திருகை

ஸ்காட்லாந்தின் வடமுனையில் நிலம் முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கடல். தாண்டினால் ஆர்க்னி தீவுகள். இடையில் ஓடும் தண்ணீருக்குப் பென்ட்லாண்ட் நீரிணை என்று பெயர். ‘ஓடும்’ என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஜான் ஓ க்ரோட்ஸ் கரையில் நின்று பார்த்தபோது அது கடல் மாதிரியே இல்லை. வெள்ளம் வந்த ஆறு மாதிரி ஒரே திசையில், ஒரே அவசரத்தில் போய்க்கொண்டிருந்தது.

எதிரே ஸ்ட்ரோமா தீவு. 1962-ல் கடைசிக் குடும்பமும் கிளம்பிவிட, கூரை போன வீடுகள் மட்டும் நிற்கின்றன. அதன் வடகோடியில் ஸ்வெல்கீ என்ற சுழல். பழைய நார்ஸ் கதை ஒன்று அதைப் பற்றி இருக்கிறது. கேட்டதையெல்லாம் அரைத்துக் கொடுக்கும் மந்திரத் திருகை ஒன்றையும், அதை இழுக்க ஃபென்யா, மென்யா என்ற இரண்டு ராட்சசப் பெண்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன கடல் ராஜா ஒருவன், உப்பு அரைக்கச் சொன்னானாம். ‘போதும்’ என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கனம் தாங்காமல் கப்பல் முழுகியது. திருகை இன்னும் அடியில் சுற்றுகிறதாம். கடல் கரிப்பது அதனால்தானாம்.

ஸ்ட்ரோமாவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கடலடியில் இப்போது நிஜமாகவே நான்கு சுற்றுகின்றன. மேஜென் திட்டத்தின் டர்பைன்கள், ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட். அவற்றில் ஒன்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழுதென்று மேலே எடுக்கப்படாமலே ஓடியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் இரும்பு படும் பாட்டைக் கடலோரத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்வார்கள். கரையில் நிற்பவனுக்கு எதுவுமே தெரியாது. நானும் அரை மணி நேரம் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் ஏன் இப்படி ஓடுகிறது? அட்லாண்டிக்கின் ஓதம் நீரிணையின் மேற்கு வாசலுக்கு வந்து ஏறும்போது, கிழக்கே வட கடல் பக்கம் இன்னும் ஏறியிருக்காது. அங்கே ஏறச் சுமார் இரண்டு மணி நேரம் பிந்தும். அந்த மட்ட வித்தியாசம் தண்ணீரை இந்த இடுக்கு வழியாகத் தள்ளுகிறது. ஆறேகால் மணிக்கொருமுறை திசை மாறும். மும்முரமான நேரத்தில் சில இடங்களில் நொடிக்கு ஐந்து மீட்டர், அதாவது சுறுசுறுப்பாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். தண்ணீரோ காற்றைப் போல எண்ணூறு மடங்கு அடர்த்தி.

இனி கணக்கு. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொழிக்கும் நீரோட்டம் அட்டமியை ஒட்டிப் பாதியாகச் சுருங்கினால், மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். வேகத்தைக் கொஞ்சம் தப்பாக அளந்தாலும் வரவுசெலவு குட்டிச்சுவர். அதனால்தான் இந்தத் தொழிலில் முதல் வேலை டர்பைன் செய்வதல்ல, அளப்பது.

அளக்கும் கருவி ஒன்றை ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னெஸ் துறைமுகத்தில் கரையேற்றி வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். முக்காலி போல ஓர் இரும்புச் சட்டம், ஓட்டம் புரட்டிவிடாமலிருக்கக் கால்களில் ஈயக்கட்டிகள், நடுவில் வானத்தைப் பார்த்தபடி ஓர் உருளை. அதன் தலையில் வட்ட வட்டமாக நான்கு ஒலிக்கண்கள். சட்டமெங்கும் கொட்டலசு அப்பிக் கிடந்தது. கடலடியில் உட்கார்ந்துகொண்டு இது மேல்நோக்கி ஒலியை அனுப்பும். தண்ணீரோடு மிதந்துபோகும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்து, அடியிலிருந்து மேல்மட்டம் வரை ஒவ்வோர் அடுக்கும் எந்த வேகத்தில் போகிறதென்று எழுதிக்கொள்ளும். குறைந்தது ஒரு சந்திர மாதமாவது கிடந்தால்தான் வளர்பிறையும் தேய்பிறையும் கணக்கில் வரும்.

இதே ஸ்ட்ரோம்னெஸ்ஸில்தான் 2003-ல் ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையம் தொடங்கப்பட்டது. கடலில் கேபிள் போட்டு வைத்து, ‘உங்கள் இயந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டிப் பாருங்கள்’ என்று அழைக்கும் இடம்.

ஒரு நாட்டின் கடலில் எத்தனை மெகாவாட் இருக்கிறது என்ற கேள்விக்கு முதலில் வரும் விடை எப்போதும் பிரமாண்டமாக இருக்கும். ஸ்காட்லாந்தின் முதலமைச்சராக இருந்த அலெக்ஸ் சால்மண்ட் பென்ட்லாண்ட் நீரிணையைக் கடல் ஆற்றலின் சவூதி அரேபியா என்று கொண்டாடினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓதம் எண்ணெய் அல்ல. வழியில் டர்பைன்களை நெருக்கி நட்டால் தண்ணீர் தயங்கும், விலகும், தீவின் அந்தப் பக்கமாகப் போய்விடும். ஓரளவுக்குமேல் நட நட, கிடைப்பது குறையும். இதையெல்லாம் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2013-ல் போட்ட கணக்கு: ஏட்டளவில் சராசரி 4.2 கிகாவாட், நடைமுறையில் எடுக்கக்கூடிய உச்சம் 1.9. அதுவே அன்றைய ஸ்காட்லாந்தின் மின் தேவையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். சிறிய எண்ணும் இல்லை, சவூதியும் இல்லை. இதிலிருந்து கப்பல் பாதை, நண்டுக் கூண்டு போடுபவர்களின் இடம், சீல்கள் குட்டி போடும் கரை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும்.

இயந்திரத்தைக் கண்ணால் பார்க்க ஆர்க்னியின் ஈடே தீவுக்குப் போனேன். தென்மேற்கு முனைக்கு நடந்தால் ‘ஃபால் ஆஃப் வார்னெஸ்’ என்ற கால்வாய். அங்கே கட்டிப் போட்டிருக்கிறார்கள் ஓ2 என்ற மஞ்சள் மிதவையை. 74 மீட்டர் நீளம். இரண்டு கைகளை நீருக்குள் விரித்து, ஒவ்வொன்றிலும் 20 மீட்டர் விட்டச் சக்கரம். மொத்தம் 2 மெகாவாட். டண்டியில் கட்டி 2021-ல் இழுத்துவந்தார்கள். பழுது பார்க்க வேண்டுமானால் கைகளை மேலே தூக்கிக்கொள்ளும். மூழ்கு வீரர்கள் வேண்டாம், பெரிய கப்பலும் வேண்டாம். அதன் பின்னால் தண்ணீர் வட்ட வட்டமாகக் கிளம்பி, வழவழவென்று விரிந்து, அடுத்த வட்டத்தில் மோதி உடைந்தது. நின்ற இடத்திலேயே ஒரு கப்பல் முழு வேகத்தில் போவதுபோல் முகப்பில் நுரை. நங்கூரச் சங்கிலி மட்டும் இல்லையென்றால் நார்வே வரை போயிருக்கும் என்று தோன்றியது.

அலையின் கதை சோகம். ஸ்ட்ரோம்னெஸ்ஸுக்கு மேற்கே பில்லியா க்ரூவில் 19 மீட்டருக்கு மேல் அலை பதிவாகியிருக்கிறது. 2004-ல் பெலாமிஸ் என்ற நீண்ட செந்நிற இயந்திரம் அங்கிருந்துதான் பிரிட்டனின் மின்தொகுப்புக்கு முதன்முதலாகக் கரைக்கு அப்பாலுள்ள அலையின் மின்சாரத்தைக் கொடுத்தது. 2014-ல் அந்த நிறுவனம் நொடித்துப்போயிற்று. சாதாரண நாளுக்குச் செய்தால் புயல் முறிக்கும். புயலுக்குச் செய்தால் விலை முறிக்கும். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சென்னை ஐஐடி உதவியோடு 1991-ல் நிறுவிய 150 கிலோவாட் அலை நிலையமும் நீடிக்கவில்லை.

ஆர்க்னியில் ஆட்கள் இருபத்திரண்டாயிரம் பேர்தான். காற்றாலைகளையும் சேர்த்தால், தங்களுக்கு வேண்டியதைவிட அதிக மின்சாரத்தைப் பல ஆண்டுகளாகத் தயாரிக்கிறார்கள். வெளியே அனுப்பும் கேபிள் சிறியது. நல்ல காற்றில் காற்றாலைகளை நிறுத்திவைக்க வேண்டிவருகிறது. ஈடேயில் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துப் பார்க்கிறார்கள். பெருநிலத்துக்கு 220 மெகாவாட் கேபிள் போட 2023-ல்தான் ஒப்புதல் கிடைத்தது.

விலையையும் சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசின் 2022 ஏலத்தில் ஓத மின்சாரம் மெகாவாட்-மணிக்கு 178.54 பவுண்டு, கடல் காற்றாலை 37.35, இரண்டும் 2012 விலைக் கணக்கில். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆனால் காற்று எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. ஓதத்தைப் பத்து வருஷம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமைக்குக்கூட மணிவாரியாக இன்றே எழுதி வைக்கலாம். அந்த நிச்சயத்துக்கு ஒரு விலை உண்டென்றே நினைக்கிறேன். ஐந்து மடங்கா என்பதில்தான் எனக்கு இழுபறி.

நம் நாட்டின் ஓதத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு போட்டதுபோல ஓர் அளவீடு இருக்கிறது. சென்னை ஐஐடியும் கிரிசில் நிறுவனமும் 2014-ல் சொன்ன எண் 12,455 மெகாவாட். காம்பே, கட்ச் வளைகுடாக்களுக்கு அதில் பெரும்பங்கு. கட்சில் திட்டமிட்ட 50 மெகாவாட்டும் சுந்தரவனத்தின் 3.75 மெகாவாட்டும் செலவைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டன. சென்னைக் கடற்கரையில் ஓதம் ஒரு மீட்டர் ஏறினாலே அதிகம், அதனால் தமிழ்நாடு இந்தப் பட்டியலில் முன்னால் நிற்காது.

ஆர்க்னிக்குப் போக நினைப்பவர்கள் பெருநிலத்தின் ஸ்க்ராப்ஸ்டரில் கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ட்ரோம்னெஸ். வழியில் வலப்பக்கமாக நில்லுங்கள், 137 மீட்டர் உயரமுள்ள ‘ஓல்ட் மேன் ஆஃப் ஹாய்’ பாறைத் தூண் தெரியும். தினசரி நாட்காட்டியில் அமாவாசையோ பௌர்ணமியோ பார்த்து, அதற்கு ஒன்றிரண்டு நாள் பிந்தி நாள் குறியுங்கள். நீரோட்டம் அப்போதுதான் முழு வீச்சில் இருக்கும். ஜூனிலும் கம்பளிச் சட்டை வேண்டும். ஈடேக்குப் போவதானால் திரும்பும் கப்பலின் நேரத்தைக் கிளம்பும் துறைமுகமான கர்க்வாலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.