5.07

பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் சாப்பாட்டு மேஜையில் ஆர்டுயினோ போர்டை வைத்துக்கொண்டு ஒரு கடிகாரம் செய்துகொண்டிருக்கிறான். போன ஞாயிறு காலை, "தாத்தா, இங்க வந்து பாரு, மணி தப்பா காட்டுது" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். சின்னத் திரையில் 9:5 என்று இருந்தது.

"நிமிஷத்தை எப்படிப் பிரிண்ட் பண்றே?" என்று கேட்டேன். காட்டினான். சதவீதக் குறி, பக்கத்தில் டி. அவ்வளவுதான். நடுவில் ஒரு பூஜ்யமும் ஒரு இரண்டும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தான், சரியாகிவிட்டது. "பார்த்த உடனே எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றான்.

எனக்கு அந்தப் பூஜ்யத்தோடு முப்பது வருடப் பழக்கம். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

1994. கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக் எடை மெஷின் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். மொத்தம் பதினாறு பேர். மெஷினுக்குள் ஓடும் புரோகிராம் முழுக்க என் பொறுப்பு. கிராமத்துப் பால் சங்கங்களுக்காக ஒரு மாடல் செய்தோம். 30 கிலோ வரை நிறுக்கும், 10 கிராம் சுத்தமாகக் காட்டும். பால் ஊற்றியதும் ஒரு குட்டி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு வரும். உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா, எத்தனை கிலோ. கிலோவை லிட்டராக்குவதும், கொழுப்புச் சத்தைப் பார்த்து விலை போடுவதும் சங்கத்தின் வேலை. அதில் நாங்கள் தலையிடவில்லை.

உள்ளே இருந்தது 8031 என்ற சிப். அதற்குள் இருக்கும் நினைவகம் 128 பைட். புரோகிராம் வெளியே ஒரு ஈப்ராமில், 8 கிலோபைட். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நீங்கள் கைபேசியில் அனுப்பும் ஒரு சாதாரணப் படத்தில் அது போல நூறு ஈப்ராம் அடங்கும். சி மொழியில் எழுதி பிரிண்ட்எஃப் என்று ஒரு வரி போட்டால், அது தன் பரிவாரத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து பாதி வீட்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எல்லாமே அசெம்பிளி. ஒரு எண்ணைக் காகிதத்தில் அச்சடிக்க வேண்டும் என்றால்கூட அதற்கான வழியை நாமேதான் எழுத வேண்டும்.

மெஷினுக்கு 705 என்பது ஒரே அளவு, ஒரே கொத்து. அதில் ஏழும் இல்லை, ஐந்தும் இல்லை. இலக்கங்களாக அதைப் பிரித்து எடுப்பது நம் வேலை. பத்தால் வகுத்தால் மீதி கடைசி இலக்கம். திரும்ப வகுத்தால் அதற்கு முந்தையது. இலக்கங்கள் பின்னாலிருந்து முன்னால் வரும், அதனால் தலைகீழாக அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இலக்கத்தோடும் 48 கூட்டினால் பிரிண்டருக்குப் புரியும் எழுத்து கிடைக்கும். அந்தச் சிப்பின் வகுத்தல் கட்டளை 255 வரைதான் தாங்கும் என்பதால், நான் கிலோவை ஒரு பைட்டிலும், தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை இன்னொரு பைட்டிலும் பிரித்து வைத்திருந்தேன். 7.05 என்றால் ஒன்றில் 7, இன்னொன்றில் 5.

பைட்டை எண்ணாக அச்சடிக்க ஏற்கெனவே ஒரு ரொட்டீன் எழுதியிருந்தேன். உறுப்பினர் எண்ணுக்கும் தேதிக்கும் அதுதான். முன்னால் வரும் பூஜ்யங்களை விழுங்கிவிடும். உறுப்பினர் 007 என்று வந்தால் சீட்டு ஜேம்ஸ் பாண்டு படம் மாதிரி இருக்குமே என்று நானே சேர்த்த வசதி. எடைக்கும் அதையே கூப்பிட்டேன். கிலோவை அச்சடி, புள்ளியை அச்சடி, மீதியை அச்சடி. மூன்றே வரி. இடம் மிச்சமானதில் எனக்குப் பெருமை வேறு.

தவறு எங்கே என்று உங்களில் கணக்குத் தெரிந்தவர்கள் இந்நேரம் பிடித்திருப்பீர்கள். எனக்குப் பிடிபட நான்கு மாதம் ஆனது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சங்கத்திலிருந்து புகார் வந்தது. எடை சரியில்லை என்று நினைத்து, எடைக்கல் பெட்டியோடு போனேன். 1 கிலோ, 2 கிலோ, 5 கிலோ, 10 கிலோ, அரைக் கிலோ எல்லாம் வைத்துப் பார்த்தேன். டிஸ்பிளேயும் சரி, சீட்டும் சரி. வெளியே திண்ணையில் நின்றிருந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, செயலாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை.

"மெசினு பொய் சொல்லுமாங்க? சீட்டுல ஒண்ணு இருக்குது, பொஸ்தகத்துல கொறச்சு ஏறுது. நடுவுல இருக்கறது ஆளுதானுங்களே?" என்றார் ஒரு பெரியவர்.

லிட்டர் படி வைத்து அளந்த காலத்தில் நுரையைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சு இருந்ததால்தான் மெஷினே வாங்கினார்கள். அதை வாங்கலாம் என்று கூட்டத்தில் பேசியவரே அந்தச் செயலாளர்தானாம்.

எட்டாவது படிக்கும் ஒரு பெண், அவள் அம்மா ஒரு மாடு வைத்திருக்கிறார், ஒரு நோட்டோடு வந்தாள். பதினான்கு நாள், இருபத்தெட்டுச் சீட்டு, ஒன்று விடாமல் நூலில் கோத்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எழுதிக் கூட்டியிருந்தாள். 142.38. மெஷின் நினைவிலிருந்து எடுத்துச் சங்கப் புத்தகத்தில் ஏற்றியிருந்த மொத்தம் 141.12. "ஒண்ணே கால் கிலோவுக்கு மேல கொறையுதுங்க சார்" என்றாள். நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அவள் கூட்டியது சரி. சீட்டுக் கொத்தையும் நோட்டுத் தாளையும் வாங்கிக்கொண்டு, நாளை வருகிறேன் என்று சொல்லிப் பஸ் ஏறினேன்.

என் அப்பா ஒரு மில்லில் கணக்கெழுதியவர். பேரேடு ஒத்துவராத நாட்களில் அவர் முதலில் பார்ப்பது, வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று. வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், கூட்டலை விட்டுவிட்டு எழுதியதைப் பார் என்பார். பஸ்ஸில் வேறு வேலை இல்லாமல் 1.26-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, ஆறு. கூட்டினால் ஒன்பது.

கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் மூன்று சீட்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டேன். 5.7, 4.5, 5.2. மற்ற சீட்டுகளில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம், இந்த மூன்றில் மட்டும் ஒன்று. 5.07-க்குப் பதில் 5.7 என்றால் 63 கூடுதல். 4.05-க்கு 4.5 என்றால் 45. 5.02-க்கு 5.2 என்றால் 18. கூட்டினால் 126. வயிற்றில் ஏதோ இறங்கியது போல இருந்தது. டிஸ்பிளேவுக்கு வேறு ரொட்டீன், அதில் இலக்கத்துக்கு ஒரு பெட்டி என்று இடம் நிலையாக இருக்கும், அங்கே 5.07 சரியாகவே வந்திருக்கும். மொத்தம் உள்ளே முழு எண்ணாக இருப்பதால் அதுவும் சரி. தப்பு காகிதத்தில் மட்டும்தான். ஆனால் மக்கள் கையில் இருந்தது காகிதம்.

இதைவிட உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியில் சோதிக்கும்போது 5 கிலோ கல்லை வைத்தால் டிஸ்பிளேயில் 5.00 என்றும் சீட்டில் 5.0 என்றும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து ஐந்துதானே என்று விட்டுவிட்டேன். ஒரு 50 கிராம் கல்லைக் கூட வைத்திருந்தால் அன்றே 5.5 என்று வந்திருக்கும்.

எண்ணுக்கு இடப்பக்கம் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்துவிட்டார்கள். அங்கே புள்ளி ஒன்று வந்து நின்றால் கதையே வேறு. (பழைய தமிழ் எண்களில் இந்தத் தொல்லையே கிடையாது. 705-ஐ ௭௱௫ என்று எழுதுவார்கள், 75-ஐ ௭௰௫ என்று. பூஜ்யமே வேண்டாம், நூறும் பத்தும் தன் இடத்தைத் தானே சொல்லிவிடும்.) பின்னாளில் சி மொழிக்கு மாறியபோதும் பூஜ்யம் என்னை விடவில்லை. அடிமானம் என்னவென்று எண்ணைப் பார்த்து நீயே முடிவு செய்துகொள் என்று லைப்ரரியிடம் விட்டால், முன்னால் பூஜ்யம் இருக்கும் எண்ணை அது எட்டின் அடிமானத்தில் படிக்கும். மாதம் 01 முதல் 07 வரை ஒழுங்காக வந்தது. ஆகஸ்ட் பிறந்ததும் 08 வெறும் பூஜ்யமாகிவிட்டது, எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லையே! அதற்கு நல்லவேளை நான் காரணமில்லை, திருத்தியது மட்டும் நான்.

அன்று ராத்திரியே புரோகிராமைத் திருத்தினேன். எடைக்கு மட்டும் இரண்டு இலக்கமும் கட்டாயம் வரவேண்டும், அவ்வளவுதான். பழைய ஈப்ராமை அல்ட்ரா வயலட் விளக்குப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்து அழித்து, புதிதாக எழுதி, ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்டினேன். காலையில் முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவரை பதினோரு மெஷின் விற்றிருந்தோம், பணம் பாதி வெளியே நின்றது. "எல்லாத்தையும் மாத்திடுங்க. கரண்ட் ஏத்த இறக்கத்துல பிரிண்டர் தப்பா அடிச்சுதுன்னு சொல்லுங்க, போதும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்னுடையது.

ஊருக்குப் போய் சிப்பை மாற்றினேன். செயலாளரிடம் கரண்ட் கதையைத்தான் சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப நான் எடுக்கலைன்னு ஆச்சுங்களா, தம்பி?"

"ஆமாங்க."

"நீங்க வாயில சொன்னா இங்க ஆருங்க நம்புவாங்க? கரண்ட்டு எங்க ஊட்டுலயும்தான் ஏறி எறங்குது. பல்பு எரியுது, பொய் சொல்றதில்ல."

சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தேன். அச்சடிக்கும் புரோகிராமில் பிழை இருந்தது, புள்ளிக்கு அடுத்து வரும் பூஜ்யம் சீட்டில் விழாமல் போனது, 5.07 என்பது 5.7 என்று வந்தது, புத்தகத்தில் ஏறிய எடையே சரி, இதில் சங்கத்தார் யாருக்கும் சம்பந்தமில்லை, பிழை என்னுடையது என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலக வேலையாக நான் தமிழில் எழுதிய முதல் தாள் அது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, விலைப் பலகைக்குப் பக்கத்தில் சோற்றுப் பசை தடவி ஒட்டினார்.

சாயங்காலம் பால் ஊற்ற வந்த அந்தப் பெண், தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அப்ப நெசமாலுமே அஞ்சு கிலோ எழுநூறு வந்தா எப்படிங்க சார் அடிக்கும்?"

"5.70."

"கடைசில வர்ற பூஜ்யத்துக்குத்தான் மதிப்பில்லையே. அது எதுக்குங்க?"

"இருக்கட்டும்மா. இல்லேன்னா சந்தேகம் வரும்" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

தாள் விஷயம் தெரிந்து முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். மற்ற பத்து ஊர்களுக்கும் நானே போய்ச் சிப்பை மாற்றினேன். அங்கே யாரும் எழுதிக்கொடு என்று கேட்கவில்லை, நானும் எழுதிக்கொடுக்கவில்லை. கரண்ட் ஏற்ற இறக்கம் என்று சொல்லி, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ஊர்களிலும் செயலாளர்கள் இருந்தார்கள். சீட்டைச் சேர்த்து வைத்துக் கூட்டிப் பார்க்கும் பெண் இல்லை என்பதால் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை என்று ஆகிவிடாது. ஒரு இடத்தில் செயலாளர் புதிதாக இருந்தார். பழையவர் எங்கே என்று நான் கேட்கவில்லை.

பேரனுக்குக் கதையைச் சொன்னேன். ஒன்பதால் வகுபடும் விஷயம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, காகிதத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தான். பத்து ஊர் விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.