என் பொட்டி யாரையெல்லாம் நம்புகிறது?

பாதுகாப்பு என்றாலே கொட்டாவி விடும் நண்பர்கள் இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்ளவும். விஷயம், கர்ல் மென்பொருளோடு வருகிற ஒரு சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட். பெயர் எம்கே-சிஏ-பண்டில். கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் மொசில்லாவிடமிருந்து ஒரு கோப்பை இறக்கி, அரைத்து, வேறு வடிவில் துப்பிவிட்டுப் போய்விடும். அம்புட்டுதான் வேலை. ஆனால் துப்பியதைத் திறந்து பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதில் இருப்பவை நூற்றுச் சொச்சம் வேர்ச் சான்றிதழ்கள். நாம் ஒரு தளத்துக்குப் போனால் "நான்தான் உன் வங்கி" என்று அது ஒரு சான்றிதழை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டது யார், அவருக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று ஏறிக்கொண்டே போனால், கடைசியில் இந்தப் பட்டியலில் உள்ள ஒருவரிடம் போய் முட்ட வேண்டும். (வேர் என்று பெயர் வைத்துவிட்டு மேலே ஏறச் சொல்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!) முட்டிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. பட்டியலில் உள்ள யாரும் பொதுவாக எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் கொடுக்கலாம். நம்மூர் கூட்டுறவு வங்கிக்கு, நாம் பெயரே கேள்விப்படாத ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொடுத்தாலும் கர்ல் தலையாட்டும்.

கர்ல் ஒரு காலத்தில் இந்தப் பட்டியலைத் தன்னோடே சுமந்து வந்தது. 7.18.0 பதிப்பு வரை வந்தது படுபழசான பட்டியல். பிறகு அதை விட்டுவிட்டு, "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்று இந்த ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டார்கள். இங்கே விதை முந்தியா மரம் முந்தியா என்றொரு சிக்கல் உண்டு. பட்டியலைப் பத்திரமாக இறக்க ஒரு பட்டியல் ஏற்கெனவே வேண்டுமே!

மொசில்லாவின் மூலக் கோப்புக்கு செர்ட்டேட்டா என்று பெயர். மனுஷன் படிக்கிற மாதிரி இருக்காது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சாய்கோடும் மூன்று இலக்க எட்டடிமான எண்ணுமாக, பக்கம் பக்கமாக ஓடும். அந்த எண்களைக் கூட்டிச் சேர்த்து பேஸ்64 ஆக்குவது பெரிய வித்தை இல்லை, நம் இரண்டாம் ஆண்டுப் பசங்களே செய்துவிடுவார்கள். வில்லங்கம் வேறு இடத்தில். கோப்பில் சான்றிதழ் தனி, அதன் நம்பிக்கைக் குறிப்பு தனி. இது தளங்களுக்கு ஆகும், இது மின்னஞ்சலுக்கு மட்டும், இதை நம்பவே நம்பாதே என்றெல்லாம் குறிப்புகள் இருக்கும்.

கடைசி வகை எதற்கு? 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து, கூகுள் உட்படப் பல தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்கள் மேல் அது பாய்ந்தது. குரோம் உலாவிக்குள் கூகுளின் சாவிகள் எவை என்று தனியாக எழுதி வைத்திருந்ததால்தான் ஒரு பயனருக்கு எச்சரிக்கை வந்து குட்டு உடைந்தது. செப்டம்பரில் அந்த நிறுவனம் திவால். மொசில்லா டிஜிநோட்டாரை நீக்கியதோடு நிற்காமல், "வெளிப்படையாக நம்பாதே" என்று பெயரிட்டு அதே கோப்பில் பதிவும் சேர்த்தது. குறிப்பைப் பார்க்காமல் சான்றிதழ்களை மட்டும் அள்ளுகிற அவசர ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? துரத்தியவனை மாலை போட்டு உள்ளே அழைத்து வரும்! 2012 ஜனவரியில் கூகுளின் ஆடம் லாங்லி இதைச் சுட்டிக்காட்டி, கோ மொழியில் ஒரு கருவியை எழுதி வெளியிட்டார்.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 2014 ஜூலை 2-ம் தேதி, தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவு வழியாக கூகுள் தளங்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. இந்திய அரசின் வேர் விண்டோஸ் பட்டியலில் இருந்தது, மொசில்லா பட்டியலில் இல்லை. அதனால் ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் ஒன்றும் தெரியாமலே தப்பித்தார்கள். குரோம் அந்த வேரை காவ்.இன், நிக்.இன் போன்ற சில இந்தியப் பெயர்களுக்கு மட்டும் செல்லும்படி சுருக்கியது. நியாயமான தீர்வுதான். ஆனால் எம்கே-சிஏ-பண்டில் துப்புகிற தட்டைக் கோப்பில் இப்படி "இதற்கு மட்டும்" என்று எழுத இடமே கிடையாது. இருந்தால் முழு நம்பிக்கை, இல்லாவிட்டால் இல்லை.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்றால், எங்கள் விடுதி வைஃபை. இணைந்ததும் "பாதுகாப்புக்காக இந்தச் சான்றிதழை நிறுவவும்" என்று வரும். அது ஒரு வேர். நிறுவினால், நடுவில் உட்கார்ந்திருக்கிற பெட்டி எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் தயாரித்து என்னிடம் நீட்டலாம், என் பொட்டி சரி என்கும். டிஜிநோட்டாரைக் காட்டிக்கொடுத்த அந்த குரோம் சோதனைகூட, பயனரே சேர்த்த வேர் என்றால் ஒதுங்கி வழிவிடும்படிதான் எழுதப்பட்டது. விண்டோஸில் நிறுவினாலும் தொல்லை தீராது. பைதானின் ரிக்வெஸ்ட்ஸ், ஜாவா எல்லாம் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பவை. பிழை வந்ததும் பக்கத்து அறை வைத்தியம் ரெடி: "கர்லுக்கு மைனஸ் கே போடு மச்சி." அதாவது, யார் வந்தாலும் கதவைத் திற!

நான் அதைப் போடவில்லை. எம்கே-சிஏ-பண்டில் கொடுத்த கோப்பின் நகலில் விடுதி வேரைக் கடைசியில் ஒட்டி, பாடப் பொதிகளை இறக்கும்போது மட்டும் சிஏசெர்ட் விருப்பத்தால் கர்லுக்கு அதைக் காட்டுகிறேன். ஃபயர்ஃபாக்ஸில் தனி புரொஃபைல், அதற்குள் மட்டும் அந்த வேர். வங்கி, சொந்த மின்னஞ்சல் எல்லாம் போனின் டேட்டாவில். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தால் வங்கிப் பக்கம் போவதில்லை... அப்போது கணக்கிலும் ஒன்றும் இருக்காது :-)