"ஒரிஜினலா, கம்பாட்டிபிளா?" - 40 வருடப் பழைய ஃப்ளாப்பி டிரைவ் சொல்லும் பதில்!

"இது செட் ஆகுமாண்ணே?"

சார்ஜர், டிவி ரிமோட், மிக்ஸி ஜார், பிரின்டர் கார்ட்ரிட்ஜ்... எதை வாங்கப்போனாலும் கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "அதெல்லாம் பக்காவா ஆகும்" என்பார் கடைக்காரர். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்க்கும்வரை அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று எனக்குப் புரியவைத்தது, நான் பிறப்பதற்கு முன்பே காலாவதியாகிப்போன ஒரு ஃப்ளாப்பி டிரைவ்.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் 80-களின் கேட்ஜெட்கள் பற்றிக் குட்டிக் குட்டி வீடியோக்கள் செய்யலாம் என்று முடிவானபோது, என் பங்குக்கு வந்தது 'கமடோர் 64'. 1982-ல் அமெரிக்காவில் 595 டாலருக்கு அறிமுகமான வீட்டுக் கம்ப்யூட்டர் அது. டிவியோடு இணைத்து கேம் ஆடலாம், புரோகிராம் எழுதலாம். அடுத்த ஆண்டே விலைப்போட்டியில் 200 டாலர் அளவுக்கு இறங்கி வந்து, நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தது.

புரோகிராம்களைச் சேமிக்க '1541' என்ற ஃப்ளாப்பி டிரைவைத் தனியாக விற்றது கமடோர். அறிமுக விலை ஏறக்குறைய 400 டாலர். கம்ப்யூட்டர் விலை இறங்கிய பிறகு பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்!

அந்தச் சுமைகூலிக்கு ஏற்ற வேகமாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. நொடிக்குச் சுமார் 400 பைட்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 200 கேபி போட்டோ ஒன்று அந்த வயர் வழியாகப் போய்ச்சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இதற்கு முந்தைய மாடலான 'விக்-20' காலத்தில் ஒரு சிப்பில் இருந்த குறையால், டேட்டாவை மென்பொருள் மூலம் ஒவ்வொரு பிட்டாக எண்ணி அனுப்பும்படி வடிவமைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் கமடோர் 64-க்கும் தொற்றிக்கொண்டது.

வயர் பொருந்தியது, கேம் ஓடவில்லை!

விலையும் அதிகம், வேகமும் குறைவு. வேறு கம்பெனிகள் சும்மா இருக்குமா? 'இண்டஸ் ஜிடி' என்ற டிரைவ், முன்பக்கத்தில் டிஜிட்டல் எண்கள் மின்ன, கறுப்பு நிறத்தில் ஜம்மென்று வந்தது. 'எம்.எஸ்.டி எஸ்.டி-2' என்பதில் ஒரே பெட்டிக்குள் இரண்டு டிரைவ்கள். கம்ப்யூட்டரின் துணையே இல்லாமல் ஒரு டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிடும். கமடோரின் சொந்த டிரைவில் இல்லாத வசதிகள் இவை.

வயர் பொருந்தியது. கட்டளைகளும் ஒன்றுதான். லோட், சேவ், ஃபார்மேட் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆனால், காசு கொடுத்து வாங்கிய கேம் டிஸ்க்கைப் போட்டால், பல கேம்கள் பாதியிலேயே நின்றுவிட்டன.

காரணம், 1541 வெறும் டிரைவ் அல்ல. அதற்குள் '6502' என்ற ப்ராசஸர், 2 கேபி ராம், 16 கேபி ரோம் என ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே இருந்தது. கேம் எழுதியவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். டிரைவின் மெமரிக்குள் தங்கள் சொந்த புரோகிராமை அனுப்பி, கம்பெனி வைத்த ஆமை வேகத்தைத் தாண்டிப் போனார்கள். 'எபிக்ஸ்' நிறுவனம் 1984-ல் இதற்கென்றே 'ஃபாஸ்ட் லோட்' என்ற கார்ட்ரிட்ஜை விற்றது.

திருட்டு காப்பியைத் தடுக்கவும் இதே வித்தைதான். டிஸ்க்கில் வேண்டுமென்றே பழுதான ஓர் இடத்தை வைத்துவிட்டு, டிரைவ் சரியாக அந்த இடத்தில் 'எரர்' சொல்கிறதா என்று கேம் சோதிக்கும். அப்போதெல்லாம் 1541-ன் ஹெட் பின்னால் போய் 'டர்ர்ர்' என்று முட்டிக்கொள்ளும். முட்டி முட்டியே நாளடைவில் ஹெட் இடம் பிசகிய டிரைவ்களும் உண்டு.

இதை இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு டவுன் பஸ் தினமும் பத்து நிமிடம் லேட்டாகவே வருகிறது. ஊரே அந்த லேட்டுக்கு ஏற்றபடி வீட்டை விட்டுக் கிளம்பப் பழகிவிட்டது. ஒருநாள் புது டிரைவர் ஒருவர் டைம்டேபிள்படி சரியாக வருகிறார். என்ன ஆகும்? ஊரே பஸ்ஸை விட்டுவிட்டு, அந்த டிரைவரைத் திட்டும். மற்ற கம்பெனிகளின் டிரைவ்களுக்கு நடந்தது அதுதான்.

'அப்படியானால் 1541-ன் ரோமை அப்படியே காப்பியடித்திருக்கலாமே?' என்று தோன்றும். அங்கே சட்டம் குறுக்கே நின்றது. ஆப்பிளின் ரோமில் இருந்த புரோகிராமை ஃப்ராங்க்ளின் என்ற கம்பெனி எடுத்துப் பயன்படுத்திய வழக்கில், சிப்புக்குள் இருக்கும் புரோகிராமுக்கும் காப்பிரைட் உண்டு என்று 1983-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்பியடித்தால் வழக்கு. நேர்மையாகச் சொந்தமாக எழுதினால், 'செட் ஆகல' என்ற கெட்ட பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கமடோரே 1985-ல் கொண்டுவந்த '1571' டிரைவிலும் சில பழைய சாஃப்ட்வேர்கள் ஓட மறுத்தன. பெற்ற பிள்ளைக்கே இந்த நிலைமை!

வீடியோவுக்காக என் லேப்டாப்பில் 'வைஸ்' என்ற எமுலேட்டரை நிறுவியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அதில் 'ட்ரூ டிரைவ்' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதை அணைத்தால் சாதாரண புரோகிராம்கள் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கின்றன. ஆனால், சொந்த லோடர் வைத்திருக்கும் கேம் அப்படியே உறைந்துபோகிறது. ஆன் செய்தால் டிரைவுக்குள் இருக்கும் ப்ராசஸர் உட்பட எல்லாம் உயிர்பெறுகின்றன. லோட் ஆகக் காத்திருக்க வேண்டும். ஆனால், கேம் ஓடுகிறது.

அப்பாவின் கடையில்...

உறைந்துபோன அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். அருப்புக்கோட்டையில் சின்னதாக டி.டி.பி சென்டர் வைத்திருக்கிறார். பிரின்டருக்கு கம்பாட்டிபிள் கார்ட்ரிட்ஜ்தான் போடுவார். "ஒரிஜினல் போட்டா கம்பெனிக்காரனுக்கு லாபம். இதைப் போட்டாத்தான் நமக்குச் சோறு" என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் காலை, அந்த பிரின்டர் தானாகவே ஒரு அப்டேட்டை ஏற்றிக்கொண்டு, முந்தின நாள் மாலை வரை ஓடிய அதே கார்ட்ரிட்ஜை 'ஏற்க முடியாது' என்று சொல்லிவிட்டது. எதிரே ஹால் டிக்கெட்டுக்காக ஒரு கல்லூரி மாணவன் நின்றுகொண்டிருந்தான். அப்பா அடுத்த தெருக் கடைக்கு நடந்துபோய், பத்து ரூபாய் கொடுத்து பிரின்ட் எடுத்துவந்து, அவனிடம் ஐந்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அவன் போகிறபோக்கில், "டூப்ளிகேட் மை போட்டா இப்படித்தாண்ணே ஆகும்" என்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்கவே அதிகம் பேசவில்லை.

இரண்டுமே 'செட் ஆகாத' கதைகள்தான். ஆனால், ஒன்றல்ல. கேம்கள் 1541-ன் உள்குணங்களை நம்பிவிட்டதால், மற்ற டிரைவ்கள் தாமாகவே தடுக்கி விழுந்தன. அப்பாவின் கார்ட்ரிட்ஜ் தடுக்கி விழவில்லை. அது வரும் வழியில் ஒரு கதவு கட்டிப் பூட்டப்பட்டது. இரண்டு இடங்களிலும் பழி மட்டும் 'டூப்ளிகேட்' தலையில்.

கமடோர் கம்பெனி 1994-ல் திவாலாகிவிட்டது. மிச்சமிருக்கும் 1541-களுக்கும் வயதாகிவிட்டது. பழைய கேம்களைக் காப்பாற்ற நினைக்கும் ஆர்வலர்கள் இப்போது மெமரி கார்டில் இயங்கும் மாற்று டிரைவ்களைச் செய்கிறார்கள். 'எஸ்.டி2ஐ.இ.சி' என்ற கருவி கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். ஆனால், ப்ராசஸர் வரை போய் நடிக்காது. அதனால் அதில் சில கேம்கள் இன்றும் ஓடுவதில்லை. ராஸ்பெர்ரி பையில் ஓடும் 'பை1541' அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரையே ஒவ்வொரு துடிப்பாக நடித்துக் காட்டுகிறது. 'ஒரிஜினலை' இன்று வாழவைப்பது, வேறு யாரோ செய்த இந்த 'கம்பாட்டிபிள்'கள்தான்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, 'செட் ஆகுமா' என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "எதுக்கு ஆகாது, ஏன் ஆகாது?" இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால், அவர் கடைக்கே தொடர்ந்து போங்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் என்றால், எனக்கு ஒருவரைத் தெரியும்.