மரைக்குள் வளர்ந்த எலும்பு

டைட்டானியம் துருப்பிடிக்காது என்பார்கள். காற்று பட்ட கணமே அதன்மேல் ஆக்சைடு படிந்துவிடுகிறது, அதுவும் ஒருவகைத் துருதான். தடிமன் சில நானோமீட்டர். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து இரும்பையே தின்றுவிடும். இது ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கும். கீறினால் உடனே தானாக மூடிக்கொள்ளும். பல் இம்பிளாண்டில் எலும்பு வந்து தொடுவது இந்தப் படலத்தைத்தான்.

1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பேர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் காலெலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-இல் அவர் ஒரு நோயாளியின் தாடையில் வைத்த திருகுகள், அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை நின்றன.

அந்தப் பிடிப்பைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு எலும்பு பொறுக்கிய அன்று, மயானத்தில் வேலை பார்க்கும் பெரியவர் சாம்பலில் தண்ணீர் தெளித்துக் கிளறியபோது, தலைமாட்டுப் பக்கம் அவருடைய பல் இம்பிளாண்டின் சிறு திருகு ஒன்று அகப்பட்டது. டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும். சிதை அதன் கிட்டே வராது. மினுமினுப்பு போய் வெளிறியிருந்தது, மரை மட்டும் அப்படியே இருந்தது. மரையின் இடுக்குகளில் வெந்த எலும்புத் துணுக்குகள் வெள்ளையாக இறுகிக் கிடந்தன. நகத்தால் நெம்பினேன், பெயரவில்லை. அதைத் தனியே எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். "அவரோட எலும்புதானேப்பா, சேர்த்தே கலயத்துல போடு" என்றார் பெரியம்மா.

எலும்பு திருகுக்குள் போனது போலவே திருகும் எலும்புக்குள் போகிறது. சுற்றியுள்ள தாடையெலும்பை அமிலத்தில் கரைத்து அளந்தால் டைட்டானியம் தென்படுகிறது. முடுக்கும்போதே உரசலில் கொஞ்சம் உதிரும். பிறகு ஈறு அழற்சி, அமிலத்தோடு சேர்ந்த ஃபுளோரைடு, பல் சுத்தம் செய்யும் கருவியின் உராய்வு எல்லாம் படலத்தைப் பதம்பார்க்கும். சில இம்பிளாண்டுகள் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தவை. அவையும் கூடவே கசியும். அளவு மிக மிக நுண்ணியது, பயப்படச் சொல்லவில்லை. ஆனால் எந்த உலோகம் என்று ஒரு சீட்டில் எழுதி நோயாளி கையில் கொடுத்தே ஆக வேண்டும். ஆயுள் முழுக்க அவர் எலும்பில் கிடக்கப்போகிற பொருள் அது.

டைட்டானியம் நம்மிடம் வர திருகு ஒன்றே வழியல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள இல்மனைட் டைட்டானியத்தின் தாது. உலகம் முழுவதும் தோண்டியெடுக்கும் இந்தத் தாதுக்களில் மிகச் சிறு பங்குதான் உலோகமாகிறது. மற்றதில் பெரும்பகுதி வெள்ளை நிறமியாகி சுவர் பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் போகிறது, பல பற்பசைகளுக்கும்தான். திருகின் மேல் படிவதும் அந்த நிறமியும் ஒரே டைட்டானியம் ஆக்சைடு. இம்பிளாண்டே வைக்காதவர்கள் தாடையெலும்பிலும் கொஞ்சம் டைட்டானியம் அகப்படத்தான் செய்கிறது. அவர்கள் எலும்பையும் அளந்து கழித்த பிறகுதான், திருகு கொடுத்தது எவ்வளவு என்று பேச முடியும்.