நடுங்காத நேரம்

இளம்பிள்ளைக் கடைவீதியில் ஒரு டீக்கடை. நாலா பக்கமும் விசைத்தறிச் சத்தம். உள்ளே பெஞ்சு ஓரத்தில் பெரியவர் ஒருவர். இடது கை சும்மா கிடக்கிறது. தொடைமேல் வைத்த வலது கை மட்டும் ஆடுகிறது. திருநீற்றை நுனியால் எடுப்பதுபோல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் உரசுகின்றன.

"காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டாருடா" என்கிறான் எதிரே ஒரு இளவட்டம்.

பெரியவர் காதில் விழுந்திருக்கும். முகத்தில் சலனமில்லை. அவருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய், அது முகத்தசையையும் இறுக்கிவிடும். உள்ளே சுட்டாலும் வெளியே தெரியாது.

துண்டின் ஓரத்தில் இரண்டு இழை பிரிந்து தொங்குகிறது. குனிந்து பிடிக்கிறார். ஆட்டம் நிற்கிறது. முறுக்கி, முடிபோட்டு, இழுத்துப் பார்க்கிறார். கை தொடைக்குத் திரும்பியதும் மறுபடி ஆட்டம். குடிநடுக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, வேலையில்தான் கூடும்.

பழுது விரலில் இல்லை. நடுமூளையில் ஒரு கருந்திட்டு, அங்கே டோபமைன் சுரக்கும் செல்கள். அசைவைத் தொடங்கவும் அடக்கவும் அந்தச் சுரப்பு வேண்டும். நடுக்கம் தெரிவதற்குள் அச்செல்களில் பெரும்பங்கு அழிந்திருக்கும். 1817இல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், தான் விவரித்த ஆறு நோயாளிகளில் சிலரை லண்டன் தெருவில் பார்த்ததோடு சரி.

மருந்துப் பையோடு அவர் வீட்டு அம்மாள் வருகிறார். "பால் டீ குடுத்துடாதீங்க தம்பி, இப்பத்தான் மாத்திரை போட்டாரு. வரக்காப்பி போதும்."

பாலின் புரதம் அந்த மருந்து உடம்பில் சேர்வதை மட்டுப்படுத்தும். மருந்தின் பெயர் லெவோடோபா. பூனைக்காலி விதையிலிருந்து அதைத் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தது 1937இல், சென்னையில். நடுக்கத்துக்கு அது மருந்தானது 1960களில்.

காப்பி முடிந்து கிளம்புகிறார்கள். வாசற்படியில் பெரியவரின் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அம்மாள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் பாதத்தை அவர் முன்னால் குறுக்கே வைக்கிறார். பெரியவர் அதைத் தாண்டுகிறார், நடை வந்துவிடுகிறது. தானாக எழாத அடி, கண்ணெதிரே தாண்ட ஒன்று இருந்தால் எழும்.

இளவட்டம் எழுந்து வழிவிடுகிறான். அம்மாள் நிற்கிறார்.

"குடி இல்ல கண்ணு, மூளையில வந்த நோவு. பாவு பிணைக்கோணும்னா இப்பவும் இவரத்தான் கூப்புடுறாங்க. நாளைக்கு உங்க தறிக்கும் வருவாரு."