களவாகப் புகும் காற்று

பழைய பெற்றோல் வாகனங்களுக்கு வரும் நோய்களுள் தடயம் வைக்காத நோய் ஒன்றுண்டு. எண்ணெய் ஒழுகினால் நிலத்தில் கறை படியும். தண்ணீர் ஒழுகினால் றேடியேற்றர் கொதிக்கும். இயந்திரத்துக்குள் வெளிக்காற்று களவாகப் புகுந்தால் மட்டும் நிலத்தில் எதுவும் விழுவதில்லை. 'வக்கூம் லீக்' என்று நம்மவர் சொல்லும் இக்கோளாறு உள்ளிருந்து வெளியே கசிவதன்று. வெளியிலிருந்து உள்ளே கசிவது.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்திலுள்ள என் நண்பர் ஒருவரின் மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியை இந்நோய் பீடித்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் பிக்கப் வகை 1953இல் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுவிட்ட போதிலும் இலங்கைத் தெருக்களில் அது இன்னும் நிற்கவில்லை. என் நண்பர் தம் தகப்பனார் விட்டுச் சென்ற அவ்வண்டியில்தான் சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வந்தார். அதுவே அவருடைய சீவியம்.

அந்த ஆண்டை இலங்கையர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சனவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபாவாகியது. பின்னர் கியூ.ஆர். குறியீட்டுடன் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் கார்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிள்களுக்கு 4 லீற்றர். 2020 முதல் வாகன இறக்குமதியும் தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டியைக் கழித்துவிட்டு வேறொன்று வாங்குவது நண்பர் போன்றோருக்கு எண்ணிப் பார்க்கவும் இயலாத காரியம்.

வண்டியின் குணங்குறிகள் இவை: நிறுத்தி வைத்து இயந்திரத்தை ஓடவிட்டால் அதன் ஓசை ஏறும், இறங்கும், திடீரென்று அணைந்துவிடும். தெருவில் வேகம் எடுத்துவிட்டால் குறை தெரியாது. முதலிற் பார்த்த கராஜில் காபரேற்றரின் அடியிலுள்ள நட்டைத் திருகிப் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்தார்கள். அணைவது நின்றது, ஆனால் புகைக்குழாய் கறுத்தது. வாரப் பங்கீடு நான்கு நாட்களுக்கும் போதவில்லை. இரண்டாவது கராஜில் காபரேற்றரைப் பிடிக்கும் நட்டுகளை இறுக்கினார்கள். மூன்றாவது இடத்தில் இயந்திரமே போய்விட்டது என்றார்கள். நண்பர் வண்டியை இரும்பு விலைக்கு விற்க ஆள் தேடத் தொடங்கினார்.

இங்கே சிறிது விளக்கம் தேவை. பெற்றோல் இயந்திரம் இழுத்து மூச்சுவிடும் ஒரு பிராணி. மிதியிலிருந்து காலை எடுத்ததும் காபரேற்றரின் வாயில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. உள்ளே பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் மனிபோல்ட் எனப்படும் உள்ளிழுகுழாயில் அமுக்கம் குறைகிறது. நல்ல இயந்திரத்தில் இந்த இழுவை 17 முதல் 21 அங்குல இரச அளவுக்கு இருக்கும். நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது எரிதலுக்குரிய கணக்கு. குழாயில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் கணக்கில் வராத காற்று அவ்வழியே புகுந்து கலவையை வறட்டிவிடுகிறது.

ஓடும்போது நிலைமை வேறு. வாயில் அகலத் திறந்து பெருங்காற்று உள்ளே போகும் வேளையில் வெடிப்பு வழியே வரும் காற்று ஒரு பொருட்டன்று. எனவே நின்ற நிலைக்காகக் கூட்டிய பெற்றோல் ஓடும்போது முழுவதும் மிகையாகிறது. நண்பரின் வண்டி மைல் தோறும் அந்த மிகையைப் புகையாக ஊதிக்கொண்டிருந்தது.

இறுதியில் நாங்கள் நாடிச் சென்றவர் எழுபதைக் கடந்த ஒரு திருத்துநர். 1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்ட பின், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் முதலில் எதையும் திருகவில்லை. "தம்பி, கூட்டிக் குறைக்கிறதை விடுங்கோ. எங்கை இழுக்குதெண்டு முதல் பாப்பம்" என்றார்.

ஒரு முழம் றபர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பொருத்தாகக் கொண்டுபோனார். டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் மெல்லிய குழாயைக் காபரேற்றர்ப் பக்கத்தில் கழற்றி, வாயால் உறிஞ்சி முனையை நாக்கால் அடைத்தார். நாக்கை அது பிடித்துக்கொண்டதால் உள்ளேயுள்ள சவ்வு பழுதில்லை என்று கண்டார். இந்தக் காபரேற்றர்களில் தேய்ந்துபோகும் வாயில் அச்சையும் விரலால் ஆட்டிப் பார்த்தார். பின்பு எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பொருத்துகளில் ஓரொரு துளியாக விட்டார். காபரேற்றர் மனிபோல்டோடு பொருந்தும் இடத்தில் விட்டதும் எண்ணெயை உள்ளே இழுத்து, இயந்திரம் ஒரு கணம் சீராக ஓடியது. இன்னொரு முறை விட்டார். மீண்டும் அதுவே நிகழ்ந்தது. அதன் பிறகுதான் சாவியைக் கையில் எடுத்தார்.

கழற்றிய காபரேற்றரின் விளிம்புத் தட்டில் அடிமட்டத்தை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். நடுவே ஒளிக்கீற்றுத் தெரிந்தது. இரு முனைகளிலும் நட்டுகளை இறுக்க இறுக்கத் தட்டு வளைந்துவிட்டது. காற்றை அடைப்பதற்காகச் செய்த வேலையே காற்றுக்கு வழிவிட்டிருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் எமறித் தாளை விரித்து, தட்டைச் சமமாகும்வரை தேய்த்தார். புதிய காஸ்கெற் ஒன்றை வெட்டிப் போட்டார். இரு நட்டுகளையும் மாறி மாறி அளவாக இறுக்கினார். பெற்றோலைப் பழைய அளவுக்குக் குறைத்தார். அரை நாளில் வேலை முடிந்தது.

செய்தி அறைகளில் நெடுங்காலம் கழித்த எனக்கு அவருடைய முறை அந்நியமாகத் தோன்றவில்லை. வதந்தியொன்று காதில் விழுந்தால் அதன் மேல் இன்னொரு வதந்தியை ஊற்றுவதன்று எங்கள் வேலை. அது எங்கிருந்து புகுந்தது என்று ஒவ்வொரு பொருத்தாகத் தேடுவதே. ஒரு தடவை கிடைத்த விடையை நம்பாமல் இரண்டாந் தடவையும் எண்ணெய் விட்டுப் பார்த்தாரே, அதுவே எங்கள் தொழிலிலும் பாதி. நாட்டையே வரிசையில் நிறுத்திய அந்த ஆண்டில், ஓட்டையைத் தேடாமல் மேன்மேலும் ஊற்றுவதன் விளைவை நாங்கள் வேறு இடங்களிலும் கண்டிருந்தோம்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இரு வார்த்தைகள். சூடான இயந்திரத்தில் பெற்றோலையோ மண்ணெண்ணெயையோ தெளித்துக் கசிவைத் தேடவேண்டாம், தீப்பிடிக்கும். மொறிஸ் மைனரின் பிறேக்குக்கு இந்த இழுவை தேவையில்லை. பின்னாளில் வந்த யப்பானியப் பிக்கப் வண்டிகள் பலவற்றிலோ பிறேக் மிதியின் பாரத்தைக் குறைப்பதே இந்த இழுவைதான். அங்கே கசிந்தால் இழப்பது பெற்றோலை மட்டுமன்று. இயந்திரத்தை நிறுத்தி, மிதியைச் சில தடவை மிதித்து, காலை எடுக்காமல் இயந்திரத்தை இயக்குங்கள். மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றைக்குப் பயணம் வேண்டாம்.

என் நண்பர் வண்டியை விற்கவில்லை. வாரப் பங்கீடு வாரம் முழுவதற்கும் போதுமானதாயிற்று. கியூ.ஆர். முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்படும் வரை அந்தப் பெற்றோலைக் கொண்டே அவர் மரக்கறி ஏற்றினார். அந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் அடுப்பெரிந்ததற்கு, வளைந்த தட்டொன்றை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்த ஒரு முதியவரின் பொறுமையும் காரணம்.