ஆண்டாள் கேட்ட வழி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு இடப்பக்கம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலைதான் துணை. ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். மலையைப் பார்த்து முடிப்பதற்குள் பதினோரு நிலைக் கோபுரம் தெரிந்துவிடும்.

சாகசம் என்றதும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சொல்வது சதுரகிரியைத்தான். தாணிப்பாறையில் ஏறத் தொடங்கினால் மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, கோரக்கர் குகை என்று வழி நீளும். மழை பிடித்துவிட்டால் ஓடையில் தண்ணீர் புரண்டு வந்து பாதையை அடைத்துக்கொள்ளும். வனத்துறை யாரையும் ஏற விடாது. 2021இல் புலிகள் காப்பகமாகிவிட்ட காடு அது.

அந்த மலைத்தொடரின் காலடி ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு இதைவிட நெடிய பயணத்துக்கு வழி கேட்டவள் ஒரு பெண். நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் பதிகத்தில் ஆண்டாள் தன் வீட்டாரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறாள்: என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். எங்கே? வடமதுரைப் பக்கம், ஆயர்பாடி, நந்தகோபன் வாசல், யமுனைக் கரை, காளியன் பொய்கை, கோவர்த்தனம், கடைசியில் துவாரகை. பாட்டுக்கு ஓர் இடமாக ஒரு பயணத் திட்டமே போட்டிருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுராவுக்கும் இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணன் மேல் கொண்ட காதலை ஊர் வாய்க்கு அஞ்சி ஒளிக்கவும் இல்லை. நாடே அறிந்துவிட்ட விஷயத்தில் இனி மறைக்க என்ன இருக்கிறது என்கிற தொனியில்தான் பேசுகிறாள்.

கல்யாண வீடுகளில் பாடப்படுவது என்னவோ ஆறாம் பதிகம். அதில் மாப்பிள்ளை ஆயிரம் யானை சூழ வருகிறான். பெண் கனவு கண்டுகொண்டு காத்திருக்கிறாள். 2008இல் கௌதம் மேனன் தன் படத்துக்கு ‘வாரணம் ஆயிரம்’ என்று பெயர் வைத்ததும் அங்கிருந்துதான். படத்தில் நாயகன் காதலியைத் தேடி அமெரிக்கா வரை போகிறான். அருமையான பயணம். ஆனால் பெண்ணே கிளம்புகிற பன்னிரண்டாம் பதிகத்தை மேடையிலும் திரையிலும் இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும். அதில் உள்ள அவசரம் வேறெங்கும் கிடைக்காது.

அவள் கதை மட்டும் எல்லை பார்க்காமல் நடந்திருக்கிறது. கலிங்கப் படையெடுப்பின்போது ஸ்ரீகாகுளத்தில் தங்கிய கிருஷ்ணதேவராயரின் கனவில் ஆந்திர விஷ்ணு வந்து அவள் கல்யாணத்தைத் தெலுங்கில் பாடச் சொன்னதாகக் காவியமே சொல்கிறது. அதுதான் ‘ஆமுக்தமால்யதா’. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் வாழும் ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர், தெலுங்கின் பெருங்காவியம் ஒன்றில் இப்படி இடம்பிடித்தது.

கடலையும் தாண்டியிருக்கிறது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்கு ‘திரியம்பவாய் திரிபவாய்’ என்று பெயர். திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையும் அங்கே அப்படி உருமாறி நிற்கின்றன. அந்தச் சடங்குக்காக 1784இல் பாங்காக்கில் நிறுத்திய மாபெரும் ஊஞ்சல் கம்பம், மரங்கள் மாற்றப்பட்டு இன்றும் நிற்கிறது. ஊஞ்சல் ஆடுவதைத்தான் 1935இல் நிறுத்திவிட்டார்கள்.

இன்றும் ஆண்டாள் கோயிலிலிருந்து கிளம்பும் பயணம் நின்றபாடில்லை. சித்திரையில் அவள் சூடிக் களைந்த மாலை மதுரைக்குப் போகிறது. அதைச் சூடிக்கொண்டுதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். புரட்டாசியில், எந்த வேங்கடத்துக்கு அவள் மேகங்களைத் தூது விட்டாளோ, அங்கேயே மாலை கிளம்புகிறது. புறப்படும் நாளில் மாலையையும் பட்டாடையையும் மாடவீதிகளில் சுற்றிக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றுவார்கள். கூடவே ஒரு கிளியும் போகும். பச்சை இலைகளை நாரில் கட்டிச் செய்த உடம்பு, மாதுளம்பூ அலகு. வாடுவதற்குள் திருமலை போய்ச் சேர வேண்டும்.